மீன் குளத்தில் டீசல் கலந்துவிட்டால் என்ன செய்வது?

கேள்வி: 1,500 சதுர மீட்டர் குளத்தில் கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கிறேன். கரையில் இருந்த பம்புசெட் என்ஜினிலிருந்து 5 லிட்டர் டீசல் ஒழுகித் தண்ணீரில் கலந்துவிட்டது. வானவில் நிறத்தில் படலம் மிதக்கிறது, விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. சோப்புத்தூள் கரைத்து ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா? மீனை உடனே பிடித்து விற்றுவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். சோப்பு, மிதக்கும் எண்ணெயை நுண்துளிகளாக உடைத்து நீருக்குள் இறக்கிவிடும். அது நேரே செவுளில் போய் ஒட்டும். சோப்பும் தன் பங்குக்குச் செவுளைப் புண்ணாக்கும். நாற்றங்கால் குளத்தில் நீர்ப்பூச்சிகளைக் கொல்லச் சோப்பு-எண்ணெய்க் கரைசல் தெளிப்பது குஞ்சு விடுவதற்கு முன்புதான், மீன் இருக்கும்போது அல்ல. படலத்தை எடுக்கும்வரை தண்ணீரில் காற்றைக் கலக்கும் துடுப்புச்சக்கர ஏரேட்டரையும் ஓட்டாதீர்கள், அதுவும் எண்ணெயைக் கலக்கிவிடும்.

படலம் காற்றை மறிப்பதால்தான் மீன் திணறுகிறது என்பது பாதி உண்மைதான். டீசலிலிருந்து நீரில் கரையும் பென்சீன், நாப்தலீன் போன்றவை செவுளைத் தாக்குகின்றன. மிதவை உயிரிகள் மடிகின்றன. எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா ஆக்சிஜனை இழுக்கிறது. 5 லிட்டரும் தண்ணீரிலேயே மட்கினால் ஏறத்தாழ 14 கிலோ ஆக்சிஜன் செலவாகும். குளம் ஒன்றரை மீட்டர் ஆழமென்றால், நல்ல நிலையில் அதில் கரைந்திருப்பதே அவ்வளவுதான். ஒரு பகுதி ஆவியாகிவிடும், மட்குவதற்கும் வாரக்கணக்கில் ஆகும். ஆனாலும் அள்ளி எடுக்கும் ஒவ்வொரு கைப்பிடியும் மீனுக்கு மூச்சு.

முதலில் ஒழுகலை நிறுத்தி, டீசல் ஊறிய கரைமண்ணைச் சுரண்டி அப்புறப்படுத்துங்கள்; விட்டால் அடுத்த மழையில் மறுபடி இறங்கும். காய்ந்த வைக்கோலைப் பழைய வலைக்குள் திணித்து நீளத் திரியாகக் கட்டி, இரு முனையிலும் கயிறு போட்டு, காற்றடிக்கும் திசையிலேயே இரண்டு பேர் மெதுவாக இழுத்து வாருங்கள். படலம் எதிர்க்கரை மூலையில் ஒதுங்கும். அங்கே புது வைக்கோல் பரப்பி உறிஞ்ச விடுங்கள். சில மணி நேரத்தில் வைக்கோல் நீரேறி அமிழும், அதற்குள் எடுத்து, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டத்தில் தார்ப்பாய் மேல் போடுங்கள்.

குளத்தை வடிக்காதீர்கள், நீர் இறங்க இறங்க எண்ணெய் சேற்றில் படியும், சேற்றில் ஆக்சிஜன் இல்லாததால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். நல்ல தண்ணீரைக் குழாய் வழியே நீர்மட்டத்துக்குக் கீழே மெல்ல விடுங்கள். இரண்டு மூன்று நாள் தீவனம் போடாதீர்கள். செரிக்கும் மீனுக்கு மூச்சு அதிகம் தேவை. படலம் நீங்கியபின் இரவு முழுக்க ஏரேட்டர் ஓடட்டும்.

விற்குமுன் ஒரு மீனை உப்பு, மசாலா இல்லாமல் மூடிவைத்து அவித்து, திறந்ததும் முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை இருந்தால் விற்கக் கூடாது, உண்ணவும் கூடாது. வாடை இல்லாததே முழுச் சான்று ஆகாது, அதனால் சில வாரம் பொறுத்து மறுபடி சோதியுங்கள். கட்லாவில் போய்விட்ட வாடை மிர்காலில் நிற்கலாம், அது அடிச்சேற்றை மேய்வது. புதுக் குஞ்சு விடுமுன் பத்துக் குஞ்சுகளை மட்டும் ஹாப்பா எனும் சிறுகண் வலைக்கூண்டில் நான்கு நாள் விட்டுப் பாருங்கள். பெரிய மீன் தாங்கும் நஞ்சைக் குஞ்சு தாங்காது.