மேஜையில் எடுக்கிற கை, அலமாரியில் ஏன் எடுக்கவில்லை?

கேள்வி: போன வருடம் பக்கவாதம் வந்து அம்மாவுக்கு வலது கை விழுந்துவிட்டது. பிசியோதெரபிக்குப் போய்ப் போய், இப்போது அங்கே மேஜையில் வைக்கிற டம்ளரைத் தானே எடுத்துவிடுகிறார். வீட்டில் அதே டம்ளரை அலமாரித் தட்டிலிருந்தோ கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலிலிருந்தோ எடுக்க வரவில்லை. “அங்கே முடியுது, இங்கே மட்டும் சோம்பலா?” என்று அப்பா கோபப்படுகிறார். ஏன் இப்படி?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: சோம்பல் இல்லை என்று அப்பாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள். பக்கவாதம் வந்தவர்களோடு வேலை செய்கிற பிசியோதெரபிஸ்ட் நான். உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்கிறவரை இந்த ஒரு சொல் எவ்வளவு உடைத்துப்போடும் என்று எனக்குத் தெரியும்.

நம் கண்ணுக்கு அது ஒரே டம்ளர். கைக்கு அப்படியில்லை. 1994-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஷாட்மெர், முஸ்ஸா-இவால்டி என்ற இருவர் நல்ல உடல்நலம் உள்ளவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ரோபோவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குக் கையைக் கொண்டுபோக வேண்டும். போகும்போதே ரோபோ கையைத் தள்ளும். முதலில் பாதை கோணிப்போனது, பழகப் பழக நேரானது. தள்ளுவதைத் திடீரென்று நிறுத்தினால் கை எதிர்ப்பக்கம் வளைந்தது. அதாவது, வரப்போகிற தள்ளலை எதிர்பார்த்தே மூளை கையை ஓட்டப் பழகியிருந்தது. பிறகு, வலப்பக்கத்தில் பழகியவர்களை இடப்பக்கத்தில் செய்ய வைத்தார்கள். கற்றது அங்கேயும் வந்தது. ஆனால் அறையின் திசைகளை ஒட்டி வராமல், தோளும் முழங்கையும் மடங்கி நீளும் விதத்தை ஒட்டி வந்தது. அதாவது, கை கற்றது இடத்தை அல்ல, மூட்டுகளின் அசைவை. பழகிய அசைவிலிருந்து விலக விலக அந்தப் பலன் தேய்கிறது என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. மேஜையில் பழகியது அலமாரியில் முழுதாக வராததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அம்மாவுக்கு இதற்கு மேலும் ஒரு தடை இருக்கலாம். பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்குத் தோளைத் தூக்கினாலே முழங்கை தானாக மடங்கும். மேஜை மேல் கையின் பாரத்தை மேஜை தாங்குவதால் முழங்கை நீள்கிறது. அலமாரிக்கு அந்தப் பாரத்தைத் தோளே தூக்க வேண்டும். தூக்கியதும் முழங்கை உள்ளே இழுக்கிறது. அம்மா எவ்வளவு முயல்கிறாரோ அவ்வளவு இழுக்கும். கட்டிலோர ஸ்டூல் உயரமில்லை, ஆனால் பக்கவாட்டில் இருக்கிறது. அதற்குத் தோள் வேறு விதமாகத் திரும்ப வேண்டும்.

ஆகவே இடத்தை மாற்றி மாற்றிப் பழக்குங்கள். 1978-இல் கெர், பூத் என்ற ஆய்வாளர்கள் எட்டு வயதுக் குழந்தைகளைச் சிறு பைகளை இலக்கில் எறிய வைத்தார்கள். 2 அடியிலும் 4 அடியிலும் மாற்றிப் பழகிய குழந்தைகள், 3 அடியிலேயே பழகியவர்களைவிட 3 அடியில் நன்றாக எறிந்தார்கள்! அது குழந்தைகளிடம் பார்த்தது, அம்மாவின் நிலை வேறு. ஆனாலும் ஒரே இடத்தில் நூறு தடவை எடுக்க வைப்பதைவிட இடம் மாற்றுவதையே நான் விரும்புவேன். மாற்றினால் தடுமாற்றம் கூடும். அதைப் பார்த்துப் பயந்து பழைய இடத்துக்கே திரும்பிவிடாதீர்கள்.

முதுகு சாய்கிற நாற்காலியில் உட்கார வைத்து, காலி டம்ளரை மேஜையிலேயே கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம், கிட்டே, எட்டே என்று ஒவ்வொரு முறையும் நகர்த்தி வையுங்கள். உடம்பை முன்னால் சாய்த்து எட்டிப் பிடிக்க விடாதீர்கள். அது சரளமானதும் டம்ளருக்கு அடியில் ஒரு பலகை, பிறகு இரண்டு. உயரம் கூடும்போது நீங்கள் முழங்கைக்குக் கீழே கை கொடுத்துத் தாங்குங்கள், நாளாக நாளாகத் தாங்கலைக் குறையுங்கள். கையைப் பிடித்து மேலே இழுக்கவே கூடாது. தோள் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டுத் தெரபிஸ்டிடம் சொல்லுங்கள்.

அடுத்த முறை போகும்போது உங்கள் வீட்டு அலமாரியையும் கட்டிலோர ஸ்டூலையும் செல்போனில் படம் பிடித்து, தரையிலிருந்து உயரத்தையும் அளந்துகொண்டு போங்கள். அதே உயரத்தில் அங்கேயும் பயிற்சி தரச் சொல்லிக் கேளுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். முழங்கைக்கு எப்படிக் கை கொடுப்பது என்று அவருக்கும் காட்டித் தரட்டும்.