வலப்பக்க ஜன்னல்

கேள்வி: அம்மாவுடன் மூன்று நாள் கொழும்பு போகிறேன். ஒரு நாள் ரயிலில் எங்காவது போய்வரலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: இலங்கையின் தென்கரை ஊரான காலிக்குப் போங்கள். கொழும்பு கோட்டை நிலையத்தில் அதிகாலை வண்டியைப் பிடித்து, அம்மாவை வலப்பக்க ஜன்னலோரம் உட்கார வையுங்கள். வெள்ளவத்தைப் பக்கம் தண்டவாளத்தை ஒட்டியே கடல்! சுமார் 115 கிலோமீட்டர். இரண்டரை மணி நேரம் ஆகலாம். வழியில் பெரலிய வரும். 2004 சுனாமி ஒரு ரயிலையே புரட்டிப்போட்ட ஊர். அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்குப் பேச்சு நின்றுவிடும்.

காலி ஊரின் கோட்டை, ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். டச்சுக்காரர் மதில்மேல் வெயில் ஏறுமுன் நடந்துவிடுங்கள், அங்கே நிழல் குறைவு. திரும்பும் வண்டி நேரத்தை இறங்கியதுமே கேட்டுவையுங்கள். மற்ற இரண்டு நாளுக்குக் கொழும்பிலேயே புறக்கோட்டைக் கடைத்தெருவும் காலிமுகத்திடல் என்ற கடலோர மைதானமுமே போதும்.