துபாயும் எண்ணெயும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சென்ற மாதம் முதல்முறையாக துபாய் சென்று, தங்கை வீட்டில் பத்து நாட்கள் தங்கியிருந்தேன். ஓட்டுநரே இல்லாத மெட்ரோவும் அகலமான சாலைகளும் வானளாவிய கட்டடங்களும் வியப்பைத் தந்தாலும், உள்ளூர ஒரு கலக்கம் இருந்துகொண்டே இருந்தது. எண்ணெய்ப் பணத்தில் ஒரே தலைமுறைக்குள் பாலைவனத்தில் எழுப்பிய ஊர் இது. எண்ணெய் தீர்ந்துவிட்டால் என்ன ஆகும்? இன்னொன்று, அந்தப் பத்து நாட்களில் அந்த மண்ணுக்குரிய ஒருவரிடம்கூட நான் பேசவில்லை. பேசியவர்கள் எல்லாம் மலையாளிகள், பாகிஸ்தானியர், பிலிப்பினோக்கள், நம்மூர்க்காரர்கள். இதை நகரம் என்பதா, பெரிய விமான நிலையம் என்பதா என்றே தெரியவில்லை. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கே., அறந்தாங்கி

அன்புள்ள கே.,

உங்கள் முதல் கேள்வி ஒரு தவறான அனுமானத்திலிருந்து எழுகிறது. இரண்டாவதாக, பாதி கிண்டலாக நீங்கள் சொல்லியிருக்கும் விமான நிலைய ஒப்புமையோ சரியான இடத்தைத் தொடுகிறது. ஆகவே முதல் கேள்விக்கான விடையும் அந்த ஒப்புமையிலேயே இருக்கிறது.

துபாயில் எண்ணெய் கண்டறியப்பட்டது 1966-இல்; முதல் ஏற்றுமதி 1969-இல். ஊரின் வணிகம் அதற்கு மிகவும் மூத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எதிர்க்கரையிலுள்ள லிங்கே துறைமுகத்தில் பாரசீக அரசு சுங்கத்தைக் கடுமையாக்கியபோது, துபாய் ஆட்சியாளர் தம் துறையில் வரியைத் தளர்த்தி அங்கிருந்த வணிகர்களை வரவழைத்துக்கொண்டார். அவர்கள் கட்டிய காற்றுக்கோபுர வீடுகள் இன்றும் பர் துபாயில், அல் ஃபஹீதி பகுதியில் நிற்கின்றன. 1930-களில் ஜப்பானிய வளர்ப்பு முத்துகளும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து முத்துக்குளித்தலை ஒழித்துவிட்டபோது, ஊருக்கு மிஞ்சியது ஊரை இரண்டாகப் பிரித்து ஓடும் கடற்கழி ஒன்றுதான். அதுவும் மணல் தூர்ந்துகொண்டிருந்தது. 1958-இல் ஆட்சிக்கு வந்த ஷேக் ராஷித், அன்றைய துபாயின் வருமானத்துக்குச் சற்றும் பொருந்தாத ஒரு தொகையை குவைத்திடம் கடன் வாங்கி, அந்தக் கழியைத் தூர்வாரினார். எண்ணெய் கையில் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, கடனில், ஒரு துறைமுகத்துக்காக நடந்த இந்த வேலையைத்தான் நவீன துபாயின் தொடக்கமாக நான் கருதுகிறேன்.

அந்தத் துறையில் அன்று புழங்கிய பணம் நம்முடைய ரூபாய். துபாய்க்குச் சட்டப்படி வந்திறங்கிய தங்கம் அங்கிருந்து மரக்கலங்களில் நம் மேற்குக் கரைக்குத் திருட்டுத்தனமாக வர, அந்தக் கசிவால் இந்தியாவின் அந்நியச் செலாவணி கரைந்தது. அதைத் தடுப்பதற்காகவே இந்திய ரிசர்வ் வங்கி 1959-இல் வளைகுடாவுக்கென்று தனி ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. 1966-இல் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்ட பிறகுதான் துபாய் அதைக் கைவிட்டது. நம் பழைய திரைப்பட வில்லன்கள் நள்ளிரவில் கடற்கரையில் டார்ச் அடித்துக் காத்திருந்தது எந்த ஊர்ச் சரக்குக்காக என்று இப்போது புரியும்.

எண்ணெய் துபாய்க்கு உதவவே இல்லை என்று நான் சொல்லவில்லை. பக்கத்து அமீரகமான அபுதாபியோடு ஒப்பிட்டால் அது சொற்பம். 1990-களின் தொடக்கத்தில் உச்சம் தொட்டு இறங்கியும் விட்டது. இன்று அந்த நகரப் பொருளாதாரத்தில் அதன் பங்கு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. ஆனால் வந்த பணம் எங்கே போனது என்பதைப் பாருங்கள்: 1972-இல் ராஷித் துறைமுகம், 1979-இல் ஜெபல் அலி துறைமுகம், 1985-இல் அதையொட்டிய சுங்கமில்லா மண்டலம், அதே ஆண்டு அக்டோபரில் பாகிஸ்தானிடம் வாடகைக்கு வாங்கிய விமானங்களோடு கராச்சிக்குப் பறக்கத் தொடங்கிய எமிரேட்ஸ். ஜெபல் அலியில் சீனத்துச் சரக்கு வந்து இறங்கும், பிரிக்கப்படும், மறுபடி கட்டப்படும், ஆப்பிரிக்காவுக்கோ ஈராக்குக்கோ போகும். உள்ளூரில் விற்றால்தான் சுங்கம். அந்த ஊர் தன்னிடம் இருப்பதை விற்றுப் பிழைப்பதைவிட, தன் வழியாகப் போவதைக் கொண்டே அதிகம் பிழைக்கிறது. 2024-இல் துபாய் விமான நிலையத்தைக் கடந்தவர்கள் 9.2 கோடிப் பேர்.

ஆகவே அந்த நகரம் அஞ்ச வேண்டியது எண்ணெய் தீர்வதற்காக அல்ல, இந்தப் போக்குவரத்து நிற்பதற்காக. 2009 நவம்பரில் துபாய் அரசுக்குச் சொந்தமான துபாய் வேர்ல்ட் நிறுவனம் கடன் தவணைகளை ஒத்திப்போடக் கேட்டபோது உலகச் சந்தைகள் ஆடிப்போயின. அடுத்த மாதமே அபுதாபி ஆயிரம் கோடி டாலர் கொடுத்துத் தாங்கியது. அதுவரை புர்ஜ் துபாய் என்று அழைக்கப்பட்டுவந்த 828 மீட்டர் கோபுரம், 2010 ஜனவரி 4 அன்று திறக்கப்பட்டபோது, அபுதாபி ஆட்சியாளரின் பெயரால் புர்ஜ் கலீஃபா ஆகியிருந்தது. இதைவிட வெளிப்படையான கடன் ரசீதை நான் கண்டதில்லை.

உள்கட்டமைப்பைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. நீங்களே கண்ணால் கண்டதுதான். ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். உங்கள் தங்கை வீட்டுக் குழாயில் வந்தது உப்பு நீக்கிய கடல்நீர். அதைச் சுத்திகரிக்கும் ஆலைகளுக்கான எரிவாயுவில் ஒரு பகுதி கடலடிக் குழாய் வழியே கத்தாரிலிருந்து வருகிறது. 2017 முதல் 2021 வரை ஐக்கிய அரபு அமீரகம் கத்தாருடன் எல்லா உறவையும் முறித்துக்கொண்டு வான்வழியைக்கூட மூடியிருந்தபோதும், இந்தக் குழாய் மட்டும் மூடப்படவில்லை. அதேபோல, 2024 ஏப்ரல் 16 அன்று ஒரே நாளில் ஓராண்டுக்கான மழைக்கும் மேல் கொட்டியபோது, மழைநீர் வடிகாலைப் போதிய அளவில் கட்டாத குறை விமான ஓடுபாதைவரை தெரிந்தது. அதே ஜூனிலேயே 3,000 கோடி திர்ஹம் செலவில் வடிகால் திட்டம் அறிவிக்கப்பட்டது. சென்னைக்காரனான எனக்கு, வெள்ளத்தைவிட அந்த அறிவிப்பின் வேகமே அதிகம் உறுத்தியது.

இனி மக்கள். 1968-இன் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 59,000 பேர் இருந்த ஊரில் இன்று 36 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். குடிமக்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே நீங்கள் ஒருவரோடும் பேசாததில் வியப்பில்லை. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆண்கள். குடும்பத்தை அழைத்துவர மாதம் 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமும் வீடும் வேண்டும் என்பது விதி. கட்டடத் தொழிலாளியும் துப்புரவுப் பணியாளரும் அந்தக் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடுகிறார்கள். வேலையோடு விசா கட்டப்பட்டிருப்பதால், வேலை போனால் குறித்த அவகாசத்துக்குள் வேறு வேலை தேட வேண்டும், அல்லது ஊர் திரும்ப வேண்டும். 2019 முதல் பத்தாண்டு கோல்டன் விசா இருக்கிறது என்றாலும், அது முதலீட்டாளருக்கும் உயர்திறன் கொண்டவருக்குமானது. சரக்குக்கு ஜெபல் அலி வகுத்த விதி ஏறக்குறைய மனிதருக்கும் பொருந்துகிறது: வரலாம், வருமான வரியின்றிச் சம்பாதிக்கலாம், தங்கிவிட முடியாது.

துபாயின் தேரா பகுதியில் என் உறவினர் ஒருவர் பதினாறு ஆண்டுகளாக 'பெட் ஸ்பேஸில்', அதாவது கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுத்து, இருக்கிறார். அந்த அறையில் மூன்று இரண்டடுக்குக் கட்டில்கள், அவருடையது கீழ்த்தட்டு, சுற்றிலும் பழைய கைலியில் தைத்த திரை. கட்டில் கம்பியில் செருகிய நாட்காட்டி அட்டையின் பின்புறம் அவர் ஒரு கணக்கு எழுதிவைத்திருந்தார். பணி முடிந்து கிளம்பும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி: முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் சம்பளம், அதற்குமேல் 30 நாள். ஆனால் அது அடிப்படைச் சம்பளத்தைக் கொண்டு கணக்கிடப்படும். அவருக்கு பேசிக் குறைவு, அலவன்ஸ் அதிகம். "சேர்ந்தபோது மொத்தத்தைப் பார்த்தேன் மாப்ள, பிரிச்சுப் பார்க்கல" என்றார். கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி பாதி நிரம்பிக் கிடந்தது. ஊருக்குப் போகும்போது கொண்டுபோக வேண்டியவற்றை ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்ப்பாராம்.

அப்படியானால் அது நகரமே இல்லையா என்றால், நான் உங்களுடன் உடன்பட மாட்டேன். அவருக்கு அந்தத் தெருவின் ஒவ்வொரு சலூனும் மளிகையும் தெரியும். கடன் சொல்லிச் சாமான் வாங்கும் கடை உண்டு. வாரவிடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு 2022-இல் மாறியபோது, பிறந்த ஊரில் நிகழ்ந்ததைப் போலச் சலித்துக்கொண்டார். உரிமை இல்லாமலும் ஓர் ஊரில் பழக்கம் வேரூன்றிவிடுகிறது. அந்த நகரத்தின் சட்டம் இதைக் கணக்கில் கொள்ளவில்லை என்பதே என் குறை.

அடுத்த முறை சென்றால், தங்கையையும் அழைத்துக்கொண்டு மாலையில் தேராவின் கடற்கழிக் கரைக்குப் போங்கள். ஈரானுக்கும் சோமாலியாவுக்கும் போகும் மரக்கலங்களுக்காக டயர்களும் குளிர்பதனப் பெட்டிகளும் காவல்கூட இல்லாமல் நடைபாதையில் அடுக்கப்பட்டிருக்கும். அங்கிருந்து பர் துபாய்க்கு அப்ரா படகில் ஒரு திர்ஹம்தான். சில்லறையாக எடுத்துக்கொண்டு செல்லுங்கள்.