தராசு முழுசாகத்தான் சொல்கிறது, உங்கள் நிரல்தான் பாதியில் எழுந்து போகிறது

கேள்வி: எங்கள் மளிகைக் கடைக்கு பைத்தானில் நானே பில் போடும் நிரல் எழுதியிருக்கிறேன். மின்னணுத் தராசு, யுஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாக விண்டோஸ் கணினியில் காம் 5 என்ற சீரியல் போர்ட்டாகத் தெரிகிறது. தராசுக் கையேட்டில் ‘2400, 7, ஈவன், 1’ என்று இருக்கிறது. ஒரு வரிக்கு 18 எழுத்து. பைசீரியலில் (சீரியல் போர்ட்டைப் படிக்கும் பைத்தான் நூலகம்) 2400 கொடுத்து, டைம்அவுட் 0.05 விநாடி வைத்து, பொத்தானை அழுத்தும்போது 18 பைட் படிக்கிறேன். சில எண்கள் குப்பையாக வருகின்றன, சில நேரம் பாதி எடைதான் வருகிறது. நிரலை மறுபடி திறந்தால் ‘அக்சஸ் டினைட்’ என்கிறது. கன்வெர்ட்டர் பழுதா?

பதில்: கன்வெர்ட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது நன்றாகத்தான் இருக்கிறது.

முதலில் குப்பை எண்கள். கையேட்டின் நாலு அமைப்புகளில் (வேகம், தரவு பிட், பாரிட்டி, ஸ்டாப் பிட்) ஒன்றை மட்டும்தான் கொடுத்திருக்கிறீர்கள். மற்றதைச் சொல்லாவிட்டால் பைசீரியல் 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் தராசோ 7 பிட்டுக்கு அப்புறம், 1-களின் எண்ணிக்கையை இரட்டைப்படை (ஈவன்) ஆக்கும் ஒரு பாரிட்டி பிட், அதாவது பிழை சரிபார்க்கும் பிட், சேர்த்து அனுப்புகிறது. அந்தப் பிட்டையும் எழுத்தின் பகுதி என்று உங்கள் நிரல் நினைத்துக்கொள்கிறது. குப்பையை உற்றுப் பாருங்கள்: 0, 3, 5, 6, 9 ஒழுங்காக வரும், 1, 2, 4, 7, 8 மட்டும் விநோதமாக மாறியிருக்கும். முன்னவற்றின் குறியீட்டில் 1 என்ற பிட்டுகள் இரட்டைப்படை, அதனால் பாரிட்டி 0 ஆகிவிடுகிறது. பின்னவற்றில் ஒற்றைப்படை. வேகம் தவறாக இருந்தால் இப்படிப் பாதி எண்கள் பிழைக்காது, எல்லாமே குளறுபடியாகும். ஆகவே பைட்சைஸ் 7, பாரிட்டி ஈவன் என்று வெளிப்படையாகக் கொடுங்கள்.

அடுத்தது பாதி எடை. இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு எழுத்துக்கு ஸ்டார்ட் பிட் 1, தரவு 7, பாரிட்டி 1, ஸ்டாப் 1, ஆகப் பத்து பிட். 2400-ஐப் பத்தால் வகுத்தால் விநாடிக்கு 240 எழுத்து. 18 எழுத்து வந்து சேர 75 மில்லி விநாடி ஆகும். நீங்கள் காத்திருப்பதோ 50 மில்லி விநாடி. அதற்குள் வருவது 12 எழுத்துதான். பல தராசுகளில் வரியின் தொடக்கத்தில் ‘எஸ்டி, ஜிஎஸ்,’ என்று குறிகளும் காற்புள்ளிகளுமாக 6 எழுத்து, பிறகு +002.350 என 8 எழுத்து, அப்புறம் கேஜி, வரிமுடிவு. இதில் முதல் 12 என்றால் +002.3 வரை. 50 கிராம் துவரம்பருப்பு இனாமாகப் போகிறது!

சரி, டைம்அவுட்டை ஒரு விநாடி ஆக்கினால் போதுமா? போதாது. சீரியல் போர்ட்டுக்கு ‘செய்தி’ என்ற ஒன்றே தெரியாது. அது வாய்க்கால் தண்ணீர் மாதிரி, எங்கே கை வைக்கிறீர்களோ அங்கிருந்துதான் வரும். வரியின் நடுவில் படிக்கத் தொடங்கினால் 18 எழுத்தும் இரண்டு வரிகளின் துண்டுகளாக இருக்கும். எண்ணிக்கை சொல்லிப் படிப்பதை விடுங்கள். ‘ரீட் அன்டில்’ கொண்டு வரிமுடிவு வரும்வரை படியுங்கள், டைம்அவுட் ஒரு விநாடி வையுங்கள். கிடைத்தது உண்மையிலேயே வரிமுடிவில் முடிகிறதா, 18 எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததைப் படியுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இது பாதி எடையைவிட ஆபத்து. தராசு ஓயாமல் வரிகளை அனுப்பிக்கொண்டிருந்தால், நீங்கள் படிக்காதவை பஃபர் என்ற தற்காலிக நினைவிடத்தில் வரிசையாகக் காத்திருக்கும். பொத்தானை அழுத்தியதும் வருவது போன வாடிக்கையாளரின் சர்க்கரை எடையாக இருக்கலாம். எனவே படிக்கும் முன் ‘ரீசெட் இன்புட் பஃபர்’ அழையுங்கள், முதல் வரியைத் துண்டாக இருக்கும் என்று கருதிக் கழித்துவிடுங்கள், இரண்டாவதை எடுங்கள். அதன் தொடக்கம் ‘எஸ்டி’ என்றால் எடை நிலைத்துவிட்டது. ‘யுஎஸ்’ என்றால் தட்டு இன்னும் ஆடுகிறது, பில்லில் ஏற்றாதீர்கள். உங்கள் மாடலில் குறி வேறாக இருந்தால் கையேட்டில் இருக்கும்.

‘அக்சஸ் டினைட்’ என்பதற்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: விண்டோஸில் ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் திறக்க முடியும், வேறு யாரோ ஏற்கெனவே பிடித்திருக்கிறார்கள். பிழையில் நின்றுபோன உங்கள் பழைய பைத்தானே டாஸ்க் மேனேஜரில் உயிரோடு இருக்கும். இல்லையென்றால் சோதனைக்குத் திறந்த டெர்மினல் சாளரம். மினிமைஸ் செய்து வைத்த ‘புட்டி’ என்ற டெர்மினல் நிரலால் ஒரு மாலை முழுவதும் கேபிளை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தவன் நான். ஒவ்வொரு பில்லுக்கும் போர்ட்டைத் திறந்து மூடாதீர்கள். கடை திறக்கும்போது ஒரு முறை திறந்து, பைத்தானின் ‘வித்’ தொகுதிக்குள்ளேயே மொத்த வேலையையும் நடத்துங்கள். நடுவில் பிழை வந்தாலும் போர்ட் தானே மூடிக்கொள்ளும்.

அப்புறம், கன்வெர்ட்டரை வேறு யுஎஸ்பி துளையில் செருகினால் காம் 5 என்பது காம் 7 ஆகலாம். தனி வரிசை எண் இல்லாத மலிவான கன்வெர்ட்டர்களில் இது சகஜம். அதனால் எண்ணை நிரலுக்குள் எழுதி வைக்காமல் அமைப்புக் கோப்பில் வையுங்கள். அதுவரை அந்தத் துளையின் மேல் ‘தராசு’ என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்.