சிவிதா டி பான்யோரெஜியோ 1695-இல் அழிந்துவிட்டதா?

இத்தாலியில் பாறைமேட்டின் உச்சியில் இருக்கும் இந்தச் சிற்றூர் அழியவில்லை, ஒரே நாளில் காலியாகவும் இல்லை. 1695 நிலநடுக்கத்தில் ஊர் முடிந்துபோனது என்றால் 1965-இல் ஊருக்குப் போகும் பாலத்தை யாருக்காகக் கட்டினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கேயே தங்கிவிட்ட கொஞ்சம் பேருக்காகத்தான். நிலநடுக்கத்துக்குப் பிறகு ஆயரும் நகர நிர்வாகமும் பக்கத்திலிருந்த பான்யோரெஜியோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அதன்பின் ஊர் மெல்ல மெல்லத் தேய்ந்தது.

பெரிய காரணம் அடியில் இருக்கும் களிமண். சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் எத்ருஸ்கர்கள் என்ற பழங்கால இத்தாலிய மக்கள் ஊரை அமைத்தது எரிமலைச் சாம்பல் இறுகிய பாறையின் மேல். அந்தப் பாறை உட்கார்ந்திருப்பது களிமண் மேல். மழையும் இருபக்க ஓடைகளும் அதை அரிக்க அரிக்க, மேலே பாறை விளிம்பு விளிம்பாக உடைந்து விழுகிறது, வீடுகளோடு சேர்த்து. 13-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ இறையியலாளர் புனித பொனவெந்தூர் பிறந்த வீடுகூட அப்படித்தான் பள்ளத்தில் போனது. எனக்கு இன்றும் மனம் கனக்கும் செய்தி அது.

நீங்களே பார்க்க வேண்டுமா? தூரத்திலிருந்து எடுத்த படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலே பழுப்பு நிறப் பாறை செங்குத்தாக நிற்கும். கீழே சாம்பல் நிறக் களிமண் வாய்க்கால் வாய்க்காலாக அரித்திருக்கும்.

ஒன்று மட்டும் கவனம். இந்த ஊரைப் பற்றி எழுதினால், மக்கள்தொகை என்று ஒரே எண்ணை எழுதிவிடாதீர்கள். குளிர்காலம் முழுக்க அங்கேயே இருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். கோடையில் வந்து தங்குபவர்கள் வேறு. 2013 முதல் நுழைவுக் கட்டணம் கட்டி வரும் சுற்றுலாப் பயணிகள் கணக்கு அப்புறம்.