பண்புக்கு 2,400 ரூபாயா? கட்டாதீர்கள்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகன் அரசு உதவி பெறும் பள்ளியில் ஏழாவது படிக்கிறான். வெளியாள் ஒருவர் மாதம் ஒருமுறை வந்து ‘நற்பண்புப் பயிற்சி’ நடத்துவாராம், புத்தகம், பேட்ஜ், சான்றிதழ் எல்லாம் சேர்த்து 2,400 ரூபாயாம். இன்னொரு பக்கம் பையனை வகுப்பறை கூட்டவும் சொல்கிறார்கள். பணம் கட்டலாமா, கூட்டச் சொல்வது சரியா?

கட்டாதீர்கள் அம்மா. இந்த ஏஜென்டுகளை முப்பது வருடமாகப் பார்க்கிறேன். முன்பு பொது அறிவுத் தேர்வு என்று வந்தார்கள், அப்புறம் நினைவாற்றல் பயிற்சி, இப்போது பண்பு. சரக்கு மாறும், கமிஷன் மாறாது. உங்கள் பள்ளிக்குப் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு, சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அடுத்த கூட்டத்தில் இந்தப் பயிற்சி கட்டாயமா, பணத்துக்குப் பள்ளியின் பெயரில் ரசீது தருவீர்களா என்று இரண்டே கேள்வி கேளுங்கள். ரசீது என்றதுமே பாதி ஏஜென்டுகள் வேறு ஊர் பார்த்துப் போய்விடுவார்கள்.

பண்பை வகுப்பு வைத்து ஊட்ட முடியும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 6 முதல் 12 வரை பாடமாக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2016-இல் உத்தரவிட்டது, நல்லதுதான். ஆனால் கால அட்டவணையில் நன்னெறிக்கு என்று போட்டிருக்கும் வேளையைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார், திருப்பித் தரமாட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, மேலே இருப்பவர்களுக்குத் தேர்ச்சி விழுக்காடு வேண்டும், போட்டோ வேண்டும், கல்வித் துறை மாணவர் விவரங்களைத் திரட்டும் எமிஸ் இணையதளத்தில் பதிவு வேண்டும், பிள்ளை பக்கத்தில் இருப்பவனோடு எப்படிப் பழகுகிறான் என்று கேட்க அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

சரி, பள்ளி நல்ல பள்ளியா என்று எப்படிப் பார்ப்பது? மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்றால் நாம் கடைமடைக்கு வந்து சேர்ந்ததா என்றுதானே கேட்போம்? வகுப்பில் கடைமடை கடைசி பெஞ்சு. வகுப்புத் தலைவன் பொறுப்பு அங்கே உட்கார்ந்திருப்பவனுக்கு என்றைக்காவது வந்ததா? காணாமல் போன பேனா திரும்பிக் கிடைக்கிறதா? தப்பாகத் திருத்திய விடைத்தாளைக் காட்டினால் ஆசிரியர் “ஆமாம், என் தப்பு” என்கிறாரா, எரிந்து விழுகிறாரா? மதியம் யார் பக்கத்தில் யார் சாப்பிடுகிறார்கள்? இதையெல்லாம் பையனிடமே பேச்சுவாக்கில் கேளுங்கள், விசாரணை மாதிரி வேண்டாம். காலை உணவுத் திட்டத்தை மாநிலம் முழுக்க எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கியது 2023 ஆகஸ்ட் 25-இல், நம்ம திருக்குவளையில். அப்படி ஒரே வரிசையில் உட்கார்ந்து, தனக்கு முன்னால் சின்னவனுக்குப் பரிமாறிவிட்டுச் சாப்பிடுகிற பிள்ளைக்கு எந்த பேட்ஜும் தேவையில்லை.

கூட்டும் விஷயம். தன் வகுப்பறையைக் கூட்டுவது, கரும்பலகை துடைப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, சாப்பிட்ட தட்டைக் கழுவுவது எல்லாம் செய்யட்டும், கோபப்படாதீர்கள். கழிவறை மட்டும் கூடாது. தண்டனையாகவும் கூடாது, ‘சேவை’ என்று பெயர் வைத்தும் கூடாது, துப்புரவுப் பணியாளர் வரவில்லை என்றாலும் கூடாது, “அவனே ஆசையாகச் செய்தான் சார்” என்றாலும் கூடாது. ஆசிரியர்கள் கழிவறையும் இதில் அடக்கம், அதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள். வகுப்பறை கூட்டுவதிலும் முறை வைத்து எல்லோரும் கூட்ட வேண்டும், பெண் பிள்ளைகள் கூட்டப் பையன்கள் பெஞ்சில் கால் ஆட்டிக்கொண்டு உட்காரக் கூடாது. யார் எந்தத் தெருப் பிள்ளை என்று பார்த்துத் துடைப்பம் கைமாறுகிற பள்ளிகள் நம் பக்கம் இன்னும் இருக்கின்றன, எது என்று ஊருக்கும் தெரியும்.

ஆகவே முதலில் முறைப் பட்டியல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். கழிவறைக்கு அனுப்பினார்கள் என்று பையன் சொன்னால் வாய்ப்பேச்சு வேண்டாம், தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் 14417-க்குக் கூப்பிடுங்கள், கல்வித் துறையின் உதவி எண் அது.