மறையூர் சர்க்கரை போட்டால் சுகர் ஏறாதா?

குமுளியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வீட்டில் தினமும் இரண்டு வேளை இஞ்சி, ஏலக்காய், பட்டை தட்டிப் போட்டு டீ. மாமியாருக்குப் பத்து வருடமாகச் சுகர், மாத்திரையில் ஓடுகிறது. தேக்கடிப் பக்கம் ஒரு கடையில் "மறையூர் சர்க்கரை, சுகரை ஏத்தாது" என்று இரண்டு கிலோ வெல்லத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள். டீயில் போட்டால் பாலும் திரிகிறதாம். சீனி, வெல்லம், கருப்பட்டி, தேன், சுகர் ஃப்ரீ மாத்திரை, இதில் எதைப் போடுவது என்கிறார்.

நம் தமிழ்நாடு-கேரள எல்லையில் பாதி வம்பு பேரில்தான். மலையாளத்தில் சர்க்கர என்றால் வெல்லம், சீனிக்குப் பஞ்சசார. கம்பத்தில் டாக்டர் "சர்க்கரை வேண்டாம்" என்றால் மலையாளி நோயாளி வெல்லத்தை விட்டுவிட்டுப் பஞ்சசாரையைத் தொடர்வார். கட்டப்பனையில் "பஞ்சசார வேண்டா" என்றால் நம் ஆள் தெம்பாக ஒரு கட்டி வெல்லத்தைப் போடுவார். உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ். சீனி நூறு கிராமில் 400 கலோரி என்றால் வெல்லத்தில் 380 சொச்சம், அவ்வளவுதான் வித்தியாசம். இரும்புச் சத்து இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் ஒரு ஸ்பூன் வெல்லத்தில் வருவதை நம்பி ரத்தம் ஊறாது, முருங்கைக்கீரை சாப்பிடுங்கள். தேனும் அப்படித்தான், தண்ணீரில் விட்டால் நூலாக இறங்கும், எறும்பு மொய்க்காது என்ற சோதனையெல்லாம் பொழுதுபோக்கு.

அந்தக் கடைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். மறையூர் சர்க்கரை நிஜமாகவே நல்ல சரக்கு, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது, கையால் உருட்டிய கரும்பழுப்பு உருண்டை. அதனால்தான் எந்த ஊர் வெல்லத்தையும் அந்தப் பேரில் விற்கிறார்கள், வண்டி ஓட்டி ஆளைக் கடைக்குக் கூட்டிவருகிறவருக்குக் கமிஷனும் அந்த விலையிலேயே அடக்கம். பளிச்சென்று பொன் மஞ்சளாக இருந்தால் வாங்கவே வேண்டாம், ஹைட்ராஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுத்திருக்கலாம். பாகு கொதிக்கும்போதே சீனி மூட்டையைக் கொட்டிக் கிளறும் ஆலைக்கொட்டகைகளும் உண்டு, கருப்பட்டியிலும் இது நடக்கிறது, அதை வீட்டில் கண்டுபிடிக்க வழியே இல்லை. பனங்கற்கண்டு, நாட்டுச்சர்க்கரை என்று பாக்கெட் மாறினாலும் கதை மாறாது. வாங்கியவரே காசு கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதித்துக்கொள்ளலாம் என்று 2006-ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது, 14 நாளில் அறிக்கை தர வேண்டும் என்றும் இருக்கிறது. நான் வேலையில் இருந்தபோது ஒரு வெல்ல மாதிரியைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்: இந்தப் பக்கம் போனால் சரக்கு அந்த மாநிலத்தில் வாங்கியது என்றார்கள், அந்தப் பக்கம் போனால் தயாரித்தது இந்த மாநிலத்தில் என்றார்கள், கடைசியில் மழைக்காலம் வந்து வெல்லமே கசிந்து ஒழுகிவிட்டது.

சரி, பால் திரிவது. அது கலப்படம் என்று நினைக்காதீர்கள். வெல்லத்தில் லேசான புளிப்பும் உப்புகளும் இருக்கின்றன, கொதிக்கும் பாலில் விழுந்தால் திரியத்தான் செய்யும். பச்சை இஞ்சியிலும் பாலைத் திரிக்கும் ஒரு நொதி உண்டு, நன்றாகக் கொதித்தால் செத்துவிடும். அதனால் இஞ்சியைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, மசாலாவும் டீத்தூளும் போட்டு, அப்புறம் பால். பொங்கியதும் இறக்கி, இரண்டு நிமிடம் ஆறவிட்டு, வடிகட்டிய வெல்லப் பாகை கிளாசிலேயே கலக்குங்கள். பாத்திரத்தில் வேண்டாம்.

மாமியாருக்கு முதலில் வித்தவுட் பழக்குங்கள். பட்டையும் ஏலமும் சற்றுக் கூடினால் நாக்கு இனிப்பைக் குறைவாகத்தான் கேட்கும், ஒரே நாளில் நிறுத்தாமல் வாரத்துக்குக் கால் ஸ்பூனாகக் குறையுங்கள். முடியவே இல்லை என்றால் சுகர் ஃப்ரீயில் சுக்ரலோஸ் வகை மாத்திரை ஒன்று, அது சூட்டைத் தாங்கும். அஸ்பார்டேம் வகை என்றால் கொதித்தால் இனிப்புப் போய்விடும், கிளாசில் போடுங்கள். 2023-ல் உலக சுகாதார நிறுவனம் இந்த இனிப்பிகளை எடை குறைக்க நம்பாதீர்கள் என்றது. அது ஏற்கெனவே சுகர் இருப்பவர்களுக்குச் சொன்னதில்லை, வாட்ஸ்அப்பில் அந்த வரி மட்டும் காணாமல் போய்விட்டது.

இவ்வளவு சொன்னாலும் ஒரு விஷயத்தில் நான் தலைகீழாகப் பேசுவேன். மாமியாருக்குத் திடீரென்று வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் அது பெரும்பாலும் சுகர் இறங்குவது. அப்போது சுகர் ஃப்ரீ போட்ட டீ ஒரு பிரயோஜனமும் இல்லை. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இப்படி வேர்த்து உட்கார்ந்திருக்க, சுகர்காரர் ஆயிற்றே என்று மகள் பார்த்துப் பார்த்து வித்தவுட் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்! மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள், கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லை என்றால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இதிலும் ஒரு சிக்கல். மாத்திரை அட்டையில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்று எழுதியிருந்தால் சீனி சட்டென்று வேலை செய்யாது, ஏனென்றால் குடலில் சீனி உடைவதைத்தான் அந்த மருந்து தாமதப்படுத்துகிறது, வெல்லமும் அதே கதை. மெடிக்கலில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். கூட்டு மாத்திரைகளில் இந்தப் பேர் கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு இன்றைக்கே பாருங்கள்.

அந்த இரண்டு கிலோவைத் திருப்பிக் கொடுக்கப் போய்ச் சண்டை போட வேண்டாம். உருண்டை கரும்பழுப்பாக இருந்தால் பிள்ளைகளுக்கு அடைப் பிரதமன் வையுங்கள், மாமியார் பக்கம் வாசம் போகாமல்.